எங்கள் முழு இருதயத்தைக் கேளுங்கள்: போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களே, மூப்பர்களே, ஞானஸ்நான வகுப்புகளை நடத்துகிறவர்களே, வாலிபரைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்களே,

ஆண்டவருடைய நாமத்தில் உங்களுக்கு ஸ்தோத்திரம்.

நீங்கள் பிரசங்க பீடத்தில் நிற்கும்போது எதிரே உட்கார்ந்து கேட்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். நீங்கள் எங்களிடம் நிறையவே கேட்கிறீர்கள். ஆராதனைக்குத் தவறாமல் வரச் சொல்கிறீர்கள். உபவாச ஜெபத்துக்கும் பாடகர் குழுவுக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் ஆள் கேட்கிறீர்கள். தசமபாகம் கேட்கிறீர்கள், கட்டட நிதி கேட்கிறீர்கள். இவற்றில் எதையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இவையெல்லாம் கேட்கப்படும் இடத்தில், ஆண்டவர் எல்லாவற்றுக்கும் முதலாகக் கேட்ட ஒன்று மட்டும் கேட்கப்படாமலேயே போகிறது என்பதுதான் என் பாரம்.

கற்பனைகளில் எல்லாம் பிரதானமானது எது என்று வேதபாரகன் ஒருவன் கேட்டபோது, இயேசு புதிதாக எதையும் சொல்லவில்லை. இஸ்ரவேலின் பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே அறிந்திருந்த உபாகமம் ஆறாம் அதிகாரத்தைத்தான் எடுத்துச் சொன்னார். உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழு மனதோடும், உன் முழுப் பலத்தோடும் கர்த்தரிடத்தில் அன்புகூருவாயாக. நான்கு முறை ‘முழு’ என்று வருகிறது. மிச்சம் வைத்துக்கொள்ள ஒரு மூலைகூட விடப்படவில்லை. இந்த வசனத்தை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் இது எங்களிடம் நேரடியாகக் கேட்கப்படுகிற ஒன்று என்று உணர வைக்கும்படி பிரசங்கிக்கப்பட்டு வெகுகாலமாகிறது.

அழைப்பு கொடுக்கும் வேளையில் நீங்கள் பேசுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். “கையை மட்டும் உயர்த்துங்கள், யாரும் பார்க்கமாட்டார்கள்” என்கிறீர்கள். “என்னோடு சேர்ந்து இந்தச் சின்ன ஜெபத்தைச் சொல்லுங்கள், போதும்” என்கிறீர்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு உதவத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்பது தெரியும். ஆனால் இயேசு கூட்டத்தை நடத்திய விதம் வேறு. லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் திரளான ஜனங்கள் அவரோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே வந்துவிட்ட கூட்டம் அது. அழைக்கவே தேவையில்லை, தக்கவைத்துக்கொண்டாலே போதும். அவரோ திரும்பி நின்று கோபுரம் கட்டப் புறப்பட்டவனைப் பற்றிச் சொல்கிறார். பதினாயிரம் பேரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்கப் போகிற ராஜாவைப் பற்றிச் சொல்கிறார். முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பாருங்கள் என்கிறார். “உங்களில் எவனாகிலும் தனக்கு உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாவிட்டால் அவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்” என்று முடிக்கிறார். இந்தப் பகுதியை ஞானஸ்நான வகுப்பின் முதல் நாளில் வாசிக்கிற சபைகள் எத்தனை?

மாற்கு பத்தாம் அதிகாரத்தில் வரும் அந்த ஐசுவரியவானை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடி வருகிறான், முழங்கால்படியிடுகிறான், நித்திய ஜீவனைப் பற்றிக் கேட்கிறான். சிறுவயது முதல் கற்பனைகளைக் கைக்கொண்டவன், வசதியும் உள்ளவன். இன்று அவன் நம் சபைக்கு வந்தால் இரண்டாம் வருஷமே கமிட்டியில் இருப்பான். “இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து: உன்னிடத்தில் ஒரு குறைவு உண்டு” என்று மாற்கு எழுதுகிறார். அன்பும் அந்தக் கடினமான கட்டளையும் ஒரே வசனத்தில், ஒரே மூச்சில் வருகின்றன. அவன் துக்கத்தோடு போய்விட்டான். எல்லாவற்றையும் விற்க வேண்டாம், பாதி கொடுத்தால் போதும் என்று இயேசு பின்னால் ஓடவில்லை. நேசித்ததால்தான் உண்மையைச் சொன்னார், நேசித்ததால்தான் குறைத்துச் சொல்லவில்லை.

எங்களைப் புண்படுத்திவிடக் கூடாது என்று நீங்கள் மறைக்கும் அந்த ‘ஒரு குறைவு’ எங்களுக்குள்ளேயே இருந்துகொண்டிருக்கிறது. ஒருவருக்கு அது கணக்கில் காட்டாத வருமானம். இன்னொருவருக்கு வருஷக்கணக்காக முகம் பார்த்துப் பேசாத உடன்பிறந்தவர். வேறொருவருக்கு யாருக்கும் தெரியாமல் இரவில் பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்று. அதைத் தொடாமல் எங்களை ஆறுதல்படுத்தி வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். அந்த ஆறுதல் திங்கட்கிழமை வரைக்கும் நிற்பதில்லை.

உங்களில் அதிகம் பேர் பிரசங்கிக்காத ஒரு ராஜாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் நாளாகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வரும் யூதாவின் ராஜா அமத்சியா. அவனைப் பற்றிய தீர்ப்பை வேதம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: “அவன் கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடே அப்படிச் செய்யவில்லை.” அவன் கெட்டவன் இல்லை. தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோதும் மோசேயின் நியாயப்பிரமாணப்படி அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டான். ஏதோமியரோடு யுத்தத்துக்குப் புறப்பட்டபோது இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் பேரை நூறு தாலந்து வெள்ளிக்குக் கூலிக்கு எடுத்தான். அவர்களை அழைத்துப் போகாதே என்று தேவனுடைய மனுஷன் வந்து சொன்னான். அப்போது அமத்சியா கேட்ட முதல் கேள்வி: நான் கொடுத்த நூறு தாலந்துக்கு என்ன செய்வது?

இந்தக் கேள்வியை வாசிக்கும்போதெல்லாம் அது எங்கள் வாயிலிருந்தே வருவதுபோல இருக்கிறது. கர்த்தர் சொன்னது சரியா என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கொடுத்த பணம்தான் அவனுக்கு வலித்தது. “அதைப்பார்க்கிலும் அதிகமாய்க் கர்த்தர் உனக்குக் கொடுக்கக்கூடும்” என்ற பதிலைக் கேட்டு அவன் கீழ்ப்படிந்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கூலிப்படையைத் திருப்பி அனுப்பினான், யுத்தத்திலும் ஜெயித்தான். ஜெயித்துத் திரும்பும்போது, தோற்றுப்போன சேயீர் புத்திரரின், அதாவது அந்த ஏதோமியரின், தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு வந்து தனக்குத் தெய்வங்களாக வைத்து, அவற்றின்முன் பணிந்தான். அதைக் கண்டிக்க வந்த தீர்க்கதரிசியிடம், உன்னை ராஜாவுக்கு ஆலோசனைக்காரனாக வைத்தார்களோ என்று கேட்டு வாயை அடைத்தான். பிறகு வீண் பெருமையில் இஸ்ரவேலின் ராஜாவை யுத்தத்துக்கு இழுத்துத் தோற்றான். எருசலேமின் மதிலில் நானூறு முழம் இடிக்கப்பட்டது.

அரை மனதின் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேதத்தில் எனக்குத் தெரிந்தவரை இல்லை. அமத்சியா வீழ்ந்தது கீழ்ப்படியாத நாளில் இல்லை, கீழ்ப்படிந்து ஜெயித்த நாளில். அவன் வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்த எவருக்கும் அந்த நாள் வரை ஒரு குறையும் தெரிந்திருக்காது. சரியானதைச் செய்துகொண்டே இருந்தான், ஆனால் செய்தவன் தன்னைக் கொடுக்கவில்லை. எங்கள் நடுவிலும் சரியானதைச் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வருகைப் பதிவைப் பார்த்தோ காணிக்கைக் கணக்கைப் பார்த்தோ உங்களால் அவர்களை அடையாளம் காண முடியாது. அதனால்தான் நேராகக் கேளுங்கள் என்கிறேன்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆண்டவர் கடிதம் அனுப்புகிற லவோதிக்கேயா சபைக்கும் கிரியைகள் இருந்தன. “உன் கிரியைகளை அறிந்திருக்கிறேன்” என்றுதான் ஆண்டவர் அவர்களிடமும் தொடங்குகிறார். அது பணம் கொழித்த நகரம். கி.பி. 60இல் பூமியதிர்ச்சியில் இடிந்தபோது ரோமாபுரியின் உதவி இல்லாமல் சொந்தச் செல்வத்தாலேயே எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்திருக்கிறார். எனக்கு ஒரு குறைவுமில்லை என்ற அந்த நகரத்தின் பேச்சு சபைக்குள்ளும் வந்துவிட்டது. “இதோ, வாசற்படியில் நின்று தட்டுகிறேன்” என்ற வசனத்தை அவிசுவாசிகளுக்கான அழைப்பாகவே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். அது ஒரு சபைக்கு எழுதப்பட்டது. உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருக்க, ஆண்டவர் வெளியே நிற்கிறார்.

இப்போது சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘முழு அர்ப்பணிப்பு’ என்ற பேச்சு சில மேடைகளில் ஓங்கி ஒலிக்கவே செய்கிறது. ஆனால் அங்கே அதற்கு அர்த்தம், ஊழியத்துக்கு இன்னும் அதிகப் பணம், இன்னும் அதிக மணிநேரம், தலைவருக்குக் கேள்வி கேட்காத கீழ்ப்படிதல். ஏழை விதவையின் இரண்டு காசைக் காட்டிக் காணிக்கை கேட்கிறவர்கள், அந்தச் சம்பவத்துக்கு ஒரு வசனம் முன்னால் இயேசு என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகருக்கு அதிக ஆக்கினை வரும் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தேவனுக்கென்று ஒதுக்கிவிட்டவர்களை அவர் பாராட்டவில்லை, தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று கண்டித்தார். ஆகவே வீட்டில் வயதான தாய் கவனிப்பாரின்றிக் கிடக்க, ஊழியத்தில் இரவு பகலாக ஓடுகிறவரை முழு இருதயமுள்ளவர் என்று மேடையில் நிறுத்திப் பாராட்டாதீர்கள். கர்த்தருக்குக் கொடுக்கப்பட்ட இருதயம் அந்தத் தாயிடமும் போய்ச் சேரும்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தில் பேதுருவின் முன் விழுந்து செத்த அனனியாவின் காரியமும் இதைச் சேர்ந்ததுதான். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அவன் சாகவில்லை. விற்குமுன் அது உன்னுடையது, விற்றபின்பும் கிரயம் உன் வசத்தில்தான் இருந்தது என்று பேதுருவே ஒப்புக்கொள்கிறார். பாதியைக் கொண்டுவந்து அதை முழுவதுமென்று காட்டினதுதான் பாவம். பாதிதான் கொடுக்கிறோம் என்று உண்மையாகச் சொல்ல இடமில்லாத சபையில் அனனியாக்கள் பெருகுவார்கள். எங்களைப் பக்தியுள்ளவர்களாக நடிக்கவைக்கும் சூழலை நீங்கள் உண்டாக்கிவிடக் கூடாது.

சபையின் வரலாற்றில் அரை மனது காகிதத்திலேயே எழுதப்பட்ட ஒரு காலம் உண்டு. கி.பி. 250இல் பேரரசன் டேசியஸ், எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், அதற்கு அதிகாரிகளிடம் சான்று பெற வேண்டும் என்று உத்தரவிட்டான். அப்படிப்பட்ட சான்றுகள் பல எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. தெய்வங்களுக்கு எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், உறுதி செய்யுங்கள் என்ற வகையில் அவை அமைந்திருக்கும். கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்து உயிரையோ உடைமையையோ இழந்தார்கள். பலர் பலியிட்டார்கள். வேறு சிலர் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள்: பலியிடாமலே, காசு கொடுத்துச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கையில் கறையில்லை, வீட்டுக்கும் ஆபத்தில்லை. கிறிஸ்துவும் வேண்டும், அரசனின் சான்றும் வேண்டும்.

உபத்திரவம் தணிந்தபின் அவர்கள் திரும்பி வந்தபோது சபை என்ன செய்தது என்பதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 251இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், அந்த நகரச் சபையின் தலைவரான கண்காணி சிப்ரியானோடு கூடிய கண்காணிகள் கதவைச் சாத்தவுமில்லை, ஒன்றும் நடக்காததுபோலத் திருவிருந்தின் அப்பத்தைக் கொடுக்கவுமில்லை. ஒவ்வொருவருடைய நிலையையும் தனித்தனியே விசாரித்தார்கள். மனந்திரும்புதலுக்குக் காலம் கொடுத்தார்கள். விழுந்தவரை மதித்ததால்தான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதே சிப்ரியான் 258இல் தன் விசுவாசத்துக்காகத் தலை வெட்டுண்டு மரித்தார்.

முழு இருதயம் என்றதும் பயந்துபோகிற மென்மையான ஆத்துமாக்கள் சபையில் உண்டு. அவர்களை நினைத்துத்தான் நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள் என்றால், அதற்கும் வேதத்தில் வழி இருக்கிறது. முழு இருதயமும் குறையற்ற வாழ்க்கையும் ஒன்றல்ல. பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கதறினான். தன்னிடம் இருந்த விசுவாசத்தையும் இல்லாத விசுவாசத்தையும் சேர்த்தே கொண்டுவந்தான், ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் வெறுமையாகத் திருப்பி அனுப்பப்படவில்லை. பேதுரு மூன்று முறை மறுதலித்தான், ஆனாலும் அவன் இருதயம் வேறு எஜமானிடம் போய்விடவில்லை. அநேக சீஷர்கள் பின்வாங்கிப்போன நாளில், நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று கேட்கப்பட்டபோது, “ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்” என்று சொன்னவன் அவன்தான். தாவீது தன் இருதயம் சிதறிக் கிடக்கிறது என்பதை அறிந்தே, “என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்” என்று எண்பத்தாறாம் சங்கீதத்தில் கேட்கிறான். முழு இருதயத்தைக் கேட்கிறவரே அதை உண்டாக்கித் தருகிறவரும். இதையும் சேர்த்துப் பிரசங்கித்தால் மென்மையானவர்கள் ஓடிவிடமாட்டார்கள். மாறாக, எத்தனையோ பேர் முதன்முறையாக நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்வது போன்ற களைப்பு வேறெதிலும் இல்லை. எலியா கேட்டதும் அதைத்தானே? “நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்?”

காலேபை அடிக்கடி எங்களுக்கு நினைவுபடுத்துங்கள். மோசே அனுப்பி, கானான் தேசத்தை வேவுபார்க்கப் போனபோது அவனுக்கு நாற்பது வயது. அவன் விசுவாசித்தான், ஜனங்கள் மறுத்தார்கள். ஆனால் அவர்களோடுகூட அவனும் வனாந்தரத்தில் அலைந்தான். செய்யாத குற்றத்தின் தண்டனைக் காலத்தை, குற்றம் செய்தவர்களின் நடுவிலேயே கழித்தான். கசந்துபோக அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து, எண்பத்தைந்தாம் வயதில், யோசுவாவின் முன் வந்து நின்று அவன் கேட்டது சமவெளியை அல்ல. இராட்சதரான ஏனாக்கியரும் அரணான பெரிய பட்டணங்களும் இருந்த மலைநாட்டைக் கேட்டான். உற்சாகக் கூட்டத்தில் ஒரு இரவு பொங்கி அடங்கும் உணர்ச்சிக்கும் கர்த்தரை உத்தமமாய்ப் பின்பற்றுவதற்கும் உள்ள தூரம் இந்த நாற்பத்தைந்து வருஷம்தான். சபையில் பேச்சில்லாமல் இப்படி நிலைத்து நிற்கிற வயதானவர்கள் இருக்கிறார்கள். மேடையில் அவர்களுக்கு இடம் கொடுங்கள், அவர்கள் கதையைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் வளரட்டும்.

நான் உங்களிடம் வேண்டுவது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களை அவசரப்படுத்தாதீர்கள். ஆதிச்சபையின் ஒழுங்குமுறை நூல் ஒன்றின்படி, சேர விரும்புகிறவர்கள் மூன்று ஆண்டுகள் வசனத்தைக் கேட்டு வந்தார்கள். ஆனால் ஒருவர் ஊக்கமாக இருந்தால் காலத்தைப் பார்க்கக் கூடாது, நடத்தையைத்தான் பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஞானஸ்நானத்துக்குமுன் அவர்களைக் குறித்து விசாரித்த விஷயங்கள் என்ன தெரியுமா? விதவைகளைக் கனப்படுத்தினார்களா, வியாதியஸ்தரைப் போய்ப் பார்த்தார்களா, நற்கிரியைகளைச் செய்தார்களா என்பவைதான். இத்தனை எளிய கேள்விகளை ஏன் நம் விண்ணப்பப் படிவங்களில் காணோம்? பெயரும் பிறந்த தேதியும் புகைப்படமும் இருக்கின்றன.

அதோடு, கேட்பதை முதலில் நீங்கள் கொடுங்கள். நீங்கள் எதை இழந்தீர்கள், எதை இன்னும் விட முடியாமல் போராடுகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். பிரசங்கத்தில் நீங்கள் எப்போதும் ஜெயித்தவராகவே நின்றால், எங்களில் தோற்றுக்கொண்டிருக்கிறவர் உங்களிடம் வரமாட்டார். எங்கள் வீடுகளுக்கு வரும்போது ஜெபம்பண்ணி எழுந்துவிடாமல், ஆண்டவருக்கு இன்னும் கொடுக்காமல் வைத்திருப்பது என்ன என்று கேளுங்கள். முதல் முறை பதில் சொல்லமாட்டோம். பேச்சை மாற்றுவோம். மறுபடியும் வந்து கேளுங்கள்.

இப்படிச் செய்தால் சிலர் போய்விடுவார்கள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. இயேசுவிடமிருந்தே அநேகர் போனார்கள், அதுவும் ஐயாயிரம் பேர் அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதைச் சொல்லும் அதே அதிகாரத்தில். போகிறவர்களைப் பழிக்காதீர்கள், அவர்கள் பெயரை ஜெபத்தில் விட்டுவிடாதீர்கள், திரும்பி வரும் நாளில் ஏன் போனாய் என்று குத்திக்காட்டாதீர்கள். ஆனால் அவர்களை நிறுத்திவைப்பதற்காக ஆண்டவர் சொன்னதில் ஒரு வரியையும் அடிக்காதீர்கள். வகுப்புக்குப் பத்துப் பேர் வந்து மூன்று பேரே கடைசிவரை நின்றாலும், அந்த மூன்று பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்து எங்கள் நடுவில் உட்காரவையுங்கள். பல வருஷமாக இங்கேயே இருக்கிற எங்களுக்கு அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
சபை விசுவாசி ஒருவன்